பட்டா வந்தபோது நிலம் இல்லை

ஓக்லண்ட் நகரத்தின் 34ஆம் அவென்யூவில் ஒரு பழைய மரவீடு இருக்கிறது. 1870இல் கட்டியது. உயரமான ஜன்னல்கள், முகப்பில் மர வேலைப்பாடு. சுற்றிலும் பூங்கா, பக்கத்தில் பெரால்டா ஓடை. கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் இருப்பவர்களில் பலர் இந்தத் தெருவுக்கு அரை மைல் தள்ளி ஓடும் நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறார்கள். வீட்டைப் பார்த்தவர்கள் குறைவு.

இதைக் கட்டியவர் அந்தோனியோ மரியா பெரால்டா. வாலிப வயதில் அவர் இங்கே குடிவந்தபோது, வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவர் குடும்பத்து நிலம். தெற்கே சான் லியாண்ட்ரோ ஓடை, வடக்கே எல் செரிட்டோ குன்று, கிழக்கே மலை முகடு, மேற்கே விரிகுடாத் தண்ணீர். இந்த நான்கு எல்லைக்குள் 44,800 ஏக்கர். இன்றைய ஓக்லண்ட், பெர்க்லி, அலமீடா, எமரிவில், பீட்மாண்ட், ஆல்பனி ஆகிய ஆறு நகரங்களும் சான் லியாண்ட்ரோவில் ஒரு பகுதியும் அந்த ஒரே சொத்துக்குள் அடக்கம். 2020 கணக்கெடுப்பின்படி ஓக்லண்டில் மட்டும் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர்.

இத்தனை நிலம் ஒரு குடும்பத்தின் கைக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது? தாலுகா அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்த எந்த நம்மூர்க் குடும்பத்துக்கும் இந்தக் கதை சட்டென்று புரியும். அமெரிக்க அரசு கொடுக்கும் இறுதி உரிமைப் பத்திரத்தை இங்கே பட்டா என்றே எழுதுகிறேன். அது செய்யும் வேலையும் அதுதான்.

1775 அக்டோபரில் இன்றைய அரிசோனாவில் இருக்கும் துபாக் என்ற கோட்டையிலிருந்து ஒரு கூட்டம் வடக்கே கிளம்பியது. தலைவர் ஹுவான் பவுதிஸ்தா தெ ஆன்சா. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குடும்பம் குட்டிகளோடு. பாலைவனத்தையும் பனியையும் தாண்டி நடந்த அந்தக் கூட்டம்தான் 1776இல் சான் பிரான்சிஸ்கோ குடியேற்றத்துக்கு விதை போட்டது. அதில் கப்ரியேல் பெரால்டா என்று ஒரு கார்ப்பரல். அவர் மகன் லூயிஸ் மரியாவுக்கு அப்போது 16, 17 வயது.

கலிஃபோர்னியாவில் வேர்விட்ட இந்த ஸ்பானிய மொழிக்காரர்களைத்தான் பின்னாளில் கலிஃபோர்னியோக்கள் என்று அழைத்தார்கள். நாவலும் சினிமாவும் அவர்களை ஸ்பெயின் தேசத்துப் பிரபுக்களாகக் காட்டிவிட்டன. வந்தவர்களில் பலர் மெக்சிகோவின் வறண்ட ஊர்களில் பிழைப்பு இல்லாமல் கிளம்பிய ஏழைகள். ஸ்பானிய, பழங்குடி, ஆப்பிரிக்க ரத்தம் மூன்றும் கலந்த குடும்பங்கள் அவர்களில் ஏராளம். பெரால்டா குடும்பத்தின் மூலதனம் ஒரு சிப்பாய்ச் சம்பளம்தான்.

லூயிஸும் சிப்பாயானார். 40 ஆண்டு சேவை. 1807 முதல் 1822 வரை சான் ஹோசே ஊரின் கமிஷனராகவும் இருந்தார். அவர் குடியிருந்த மண்வீடு இன்றும் சான் ஹோசே நகரின் நடுவே, சான் பெட்ரோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1797இல் எழுந்தது, அந்த நகரத்தில் மிஞ்சியிருக்கும் கட்டடங்களிலேயே பழையது. சுடாத பச்சைச் செங்கல் சுவர், சின்னஞ்சிறு இரண்டு அறை, வெளியே ரொட்டி சுட ஒரு மண் அடுப்பு. நம் கிராமத்து ஓட்டுவீட்டின் திண்ணையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவரைத் தொட்டால் கை பழகிய இடத்தைத் தொட்டதுபோல இருக்கும். 44,800 ஏக்கருக்குச் சொந்தக்காரர் சாகும்வரை இங்கேதான் இருந்தார். மலைப்பான அந்த நிலத்தில் அவர் ஒருநாளும் குடியேறவில்லை.

நிலம் கிடைத்தது 1820 ஆகஸ்டில். 1810இல் மெக்சிகோவில் விடுதலைப் போர் மூண்டதும் கலிஃபோர்னியாவுக்கு வரும் சரக்குக் கப்பல்கள் நின்றுபோயின. சிப்பாய்களுக்குச் சம்பளமும் நின்றுபோயிற்று. ஆண்டுக்கணக்கில் பாக்கி. கையில் காசில்லாத அரசிடம் கொடுப்பதற்கு நிலம் ஒன்றுதான் இருந்தது. லூயிஸ் மனு எழுதினார். ஸ்பெயினின் கடைசி ஆளுநர் பாப்லோ விசென்டே தெ சோலா அதில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டே ஸ்பெயினின் ஆட்சி முடிந்தது. மெக்சிகோ அரசு இந்தச் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ரான்சோ சான் அந்தோனியோ என்று அந்த நிலத்துக்குப் பெயர். ரான்சோ என்றால் மாட்டுப்பண்ணை.

அது யாருமற்ற நிலமா? இல்லை. இந்தக் கேள்வியைத் தாண்டிப்போய் பெரால்டாக்களின் இழப்பை மட்டும் எழுதுவது நியாயமாகாது. அந்தக் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் ஓலோனி மக்கள். இந்தப் பகுதியில் ஹுச்சியூன் என்ற பிரிவினர். சிப்பியும் மீனும் ஓக் மரத்துக் கொட்டையும் அவர்கள் உணவு. தின்று போட்ட சிப்பி ஓடுகளும் மண்ணும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து மேடாகும். இறந்தவர்களையும் அந்த மேட்டிலேயே புதைப்பார்கள். விரிகுடாவைச் சுற்றி இப்படி 425 மேடுகள் இருந்ததாக 1909இல் நெல்ஸ் நெல்சன் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார். சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே என்ற பெயர்களில் கத்தோலிக்க மிஷன்கள் எழுந்த பிறகு அந்த மக்கள் ஞானஸ்நானம் பெற்று மிஷன் சுவருக்குள் அடைபட்டார்கள். அம்மையும் தட்டம்மையும் கொத்துக்கொத்தாகக் கொன்றன. 1805இல் மிஷன் பாதிரியார் ஒருவர் தாக்கப்பட்டபோது பழிவாங்கப் போன படைக்குத் தலைமை தாங்கியவர் இதே லூயிஸ் பெரால்டா. பலர் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் பிடித்துவரப்பட்டார்கள். சாசனத்தில் ஆளுநர் பாராட்டும் 40 ஆண்டு சேவைக்குள் இதுவும் சேர்த்தி.

நிலத்தில் போய் உழைத்தவர்கள் லூயிஸின் நான்கு மகன்கள்: இக்னாசியோ, டொமிங்கோ, அந்தோனியோ, விசென்டே. 1821இல் அந்தோனியோ முதல் மண்வீட்டைக் கட்டினார். 1840இல் இன்னொன்று, அதைவிடப் பெரியது. சுற்றி மதில், உள்ளே வேலையாட்களின் குடிசைகள். வேலி என்ற பேச்சே அன்று கிடையாது. பக்கத்து ரான்சோ மாடும் நம் மாடும் ஒன்றாகவே மேயும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் குதிரையேறிக் கூடி, மந்தையை வளைத்து, தாயோடு ஓடும் கன்றைப் பார்த்து அடையாளம் பிரித்துச் சூடு போடுவார்கள். ரோதேயோ என்பது அதுதான். வேலை முடிந்தால் விருந்து, ஆட்டம், குதிரைப் பந்தயம்.

மாடு வளர்த்தது பாலுக்கல்ல, பெரும்பாலும் கறிக்கும் அல்ல. தோலுக்கும் கொழுப்புக்கும். கோடையில் மாடுகளை அடித்து, தோலை உரித்து, முளையடித்து வெயிலில் இழுத்துக் கட்டுவார்கள். கொழுப்பைப் பெரிய இரும்புக் கொப்பரையில் உருக்கி, தோலால் தைத்த பையில் ஊற்றி இறுக விடுவார்கள். விறைத்த தோல்களை இரண்டாக மடித்து மாட்டுவண்டியில் அடுக்கிக் கரைக்குக் கொண்டுபோனால் பாஸ்டனிலிருந்து வந்த கப்பல் நிற்கும். ஒரு தோல் ஏறக்குறைய 2 டாலர். கையில் டாலர் வராது; பட்டு, கண்ணாடி, சர்க்கரை, செருப்பு என்று சாமான்தான் வரும். இங்கிருந்து போன தோலே பாஸ்டனில் செருப்பாகி இங்கே திரும்பி வரும்! தோலைக் கலிஃபோர்னியாவின் ரூபாய் நோட்டு என்றுதான் மாலுமிகள் சொல்வார்கள். உரித்ததும் உருக்கியதும் சுமந்ததும் பெரும்பாலும் ஓலோனிக் கைகள். கூலி என்று காசு கிடையாது. சோறும் துணியும் மட்டுமே.

1842இல் லூயிஸுக்கு 83 வயது. நிலத்தை நான்காகப் பிரித்தார். தெற்கே சான் லியாண்ட்ரோ பக்கம் இக்னாசியோவுக்கு. நடுவில் ஃபுரூட்வேலும் அலமீடாவும் அந்தோனியோவுக்கு. இன்றைய ஓக்லண்ட் கடைவீதி, டெமஸ்கால், எமரிவில் எல்லாம் விசென்டேக்கு. வடக்கே பெர்க்லி, ஆல்பனி டொமிங்கோவுக்கு. பெண்களுக்கு நிலத்தில் பங்கில்லை, சான் ஹோசே வீடும் மாடுகளும் மட்டும். நமக்கு நன்றாகத் தெரிந்த பாகப்பிரிவினைதான். பின்னால் சகோதரிகளின் பங்கு என்று அதுவே ஒரு வழக்காக வெடித்தது. அந்தப் பங்கை மலிவாக வாங்கி வைத்திருந்த நிலத் தரகர்கள்தான் அதை நடத்தினார்கள். பெண்கள் தரப்பு தோற்றது.

அமெரிக்க-மெக்சிகோ போரின் முடிவில், 1848 பிப்ரவரி 2இல் போட்ட ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா அமெரிக்காவிடம் போனது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் மலையடிவாரத்தில் தங்கம் கிடைத்திருந்தது. தங்கத்தைத் தேடி ஓட வேண்டாம், இருக்கும் நிலத்தில் விதையுங்கள் என்று கிழவர் பிள்ளைகளிடம் சொன்னதாகக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அறிவுரை நல்லதுதான். ஆனால் தங்கம் தேடி வந்தவர்கள் நிலத்தைத் தேடி வருவார்கள் என்பதை யார் எதிர்பார்த்தார்கள்?

1850இல் விசென்டேயின் நிலத்தில் மூன்று பேர் வந்து குடிசை போட்டார்கள். ஹொரேஸ் கார்பென்டியர், எட்சன் ஆடம்ஸ், ஆண்ட்ரூ மூன். கார்பென்டியர் சட்டம் படித்தவர். அவர்கள் பின்னால் நூற்றுக்கணக்கானோர். பழைய சாசனம் செல்லாது, இது புறம்போக்கு என்பது அவர்கள் வாதம். ஓக் மரங்களை வெட்டினார்கள், பெரால்டா மாடுகளை அடித்துச் சான் பிரான்சிஸ்கோவில் கறியாக விற்றார்கள். மலைமேல் வானுயர நின்ற ரெட்வுட் மரக் காடு 1860க்குள் அடியோடு போயிற்று. விரிகுடாவுக்குள் வரும் கப்பல்கள் அந்த மரங்களைக் குறிவைத்தே திசை பார்த்துக்கொண்டிருந்தன.

ஆக்கிரமித்த நிலத்தில் மனை பிரித்து, தெரு வரைந்து, விற்றும் விட்டார்கள். விசென்டே கேட்டுப் பார்த்தார், வழக்குப் போட்டார், பலனில்லை. 1852 மே 4இல் மாநிலச் சட்டமன்றம் ஓக்லண்டை ஓர் ஊராகவே பதிவுசெய்தது. அந்த மன்றத்தின் செனட்டில் அப்போது எழுத்தர் வேலை பார்த்தவர் கார்பென்டியர். சில நாட்களில் புதிய ஊர்மன்றம் கடற்கரை முழுவதையும் அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்தது. பதிலுக்கு அவர் தர வேண்டியது படகுத்துறையும் ஒரு பள்ளிக்கூடமும், துறைக் கட்டணத்தில் 2 சதவீதமும். இரண்டு ஆண்டில் அவரே முதல் மேயர். இதை நகர வளர்ச்சி என்று எழுதிய புத்தகங்கள் உண்டு. என் பார்வையில் இது நிலப்பறிப்பு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

குடிசை போட்டவர்கள் பறித்ததைவிட அதிகம் பறித்தது சட்டம். 1851இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. ஸ்பானிய, மெக்சிகோ சாசனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மூன்று பேர் கொண்ட வாரியத்தின் முன் வந்து தன் நிலம் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். 800க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. வாரியம் சாதகமாகச் சொன்னாலும் அரசு மேல்முறையீடு போகும். மாவட்ட நீதிமன்றம், பிறகு வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகு நில அளவை. விசாரணை முழுக்க ஆங்கிலத்தில். சராசரியாக ஒரு பட்டா கைக்கு வர 17 ஆண்டு பிடித்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். வக்கீலுக்கு எங்கே பணம்? நிலத்தை அடகு வைத்தார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று, ஐந்து என்று வட்டி ஓடிய காலம். வழக்கு முடியாத நிலத்துக்கும் வரி மட்டும் தவறாமல் வந்தது. அந்தோனியோ 1851இல் அலமீடா முழுவதையும் 14,000 டாலருக்கு விற்றார். மற்ற சகோதரர்களும் துண்டு துண்டாக விற்றார்கள்.

இத்தனைக்கும் பெரால்டாக்கள் வழக்கில் ஜெயித்தவர்கள். டொமிங்கோவும் விசென்டேயும் தொடர்ந்த வழக்கில் 1856ஆம் ஆண்டு அமர்வில் உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அப்புறம் பட்டா வந்த ஆண்டுகளைப் பாருங்கள். இக்னாசியோவுக்கு 1858. அந்தோனியோவுக்கு 1874. டொமிங்கோவுக்கும் விசென்டேக்கும் 1877.

டொமிங்கோ 1865இல் இறந்துவிட்டார், கடனாளியாக, ஏழையாக. விசென்டே 1871இல் இறந்துவிட்டார். 18,849 ஏக்கருக்கான பட்டா செத்துப்போன இரண்டு பேர் பெயரில் வந்தது. அதற்குள் பெர்க்லியில் பல்கலைக்கழகம் இயங்கிக்கொண்டிருந்தது. ஓக்லண்டில் கண்டம் கடந்து வரும் ரயில் நின்றுகொண்டிருந்தது.

கிழவர் லூயிஸ் இதையெல்லாம் முழுதாகப் பார்க்கவில்லை. நிலச் சட்டம் வந்த அதே 1851இல், 92ஆம் வயதில் கண்ணை மூடினார். அந்தோனியோவின் பெரிய மண்வீட்டை 1868 அக்டோபர் 21 நிலநடுக்கம் சிதைத்தது. பிறகு அவர் கட்டியதுதான் நான் முதலில் சொன்ன மரவீடு. மண்வீடு கட்டப் பழகிய மனிதர் கடைசிக் காலத்தில், வந்தவர்களின் பாணியில், வந்தவர்களின் மரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். 1879இல் அங்கேயே இறந்தார். 1897இல் மிச்சமிருந்த சொற்ப ஏக்கரும் மனை பிரிக்கிறவர் கைக்குப் போயிற்று.

இன்று பெரால்டா என்ற பெயருக்கு அங்கே குறைவில்லை. பெரால்டா தெரு உண்டு. நான்கு கல்லூரிகளை நடத்தும் பெரால்டா கல்லூரி மாவட்டம் உண்டு. சகோதரர்கள் காடை முட்டை கண்டெடுத்த ஓடைக்குக் காடை என்ற பொருளில் கொடோர்னிசஸ் என்று வைத்த பெயர் பெர்க்லியில் இன்னும் அப்படியே வழங்குகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கை, தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் முதலில் அமர்ந்த அந்த இருக்கை, டொமிங்கோவின் பாகத்தில்தான் இருக்கிறது. அங்கே சங்கப் பாடல் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தோனியோவின் மரவீடு இருக்கும் ஃபுரூட்வேல் பகுதியில் ஸ்பானிய மொழி திரும்பக் கேட்கிறது. 1850களில் அங்கே பழத்தோட்டம் போட்டவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் தெருவில் இறங்கி நடந்தால் ரொட்டிக்கடைப் பலகை முதல் பேருந்து நிறுத்தத்துப் பேச்சு வரை ஸ்பானியம். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைக்கும் திருநாள் இங்கே பெரிய விழா. தெருவெல்லாம் செண்டுமல்லிப் பூ. பெரால்டா வீடு இன்று இவர்கள் எல்லாருக்கும் பொதுவான இடம். அந்தக் குடும்பத்தின் பெருமையை மட்டும் சொல்லாமல், ஓலோனிகளின் கதையையும் இன்று குடிவந்தவர்களின் கதையையும் சேர்த்தே அங்கே சொல்கிறார்கள். அருங்காட்சியகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹுச்சியூன் மக்களின் நிலைமை என்ன? விசென்டேயின் பாகத்தில், எமரிவில்லில், அறுபது அடி உயரச் சிப்பிமேடு ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் உச்சியில் நடனக் கொட்டகை போட்டார்கள். 1924இல் மேட்டைத் தரைமட்டமாக்கித் தொழிற்சாலை. 2002இல் அதே இடத்தில் கடைத்தொகுதி திறந்தார்கள். நூற்றுக்கணக்கானோரைப் புதைத்த மண் அது. பக்கத்துச் சாலைக்குச் சிப்பிமேட்டுச் சாலை என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. கொரினா கூல்ட் என்ற ஓலோனிப் பெண்மணியும் ஜொனெல்லா லரோஸும் சேர்ந்து தொடங்கிய சொகொரியா தே நில அறக்கட்டளை, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களிடம் ஷூமி என்ற நிலவரி கேட்கிறது. கட்டாயமில்லை, மனமுவந்து கொடுப்பது. ஆயிரக்கணக்கானோர் கொடுக்கிறார்கள். 2022இல் ஓக்லண்ட் நகரமன்றம் மலைமேல் ஏறக்குறைய 5 ஏக்கரை ஓலோனிகளின் பொறுப்பில் விடத் தீர்மானித்தது. 2024இல் பெர்க்லியின் நான்காம் தெருவில், கார் நிறுத்துமிடமாகக் கிடந்த 2.2 ஏக்கர் சிப்பிமேட்டு நிலத்தை 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கி அறக்கட்டளையிடம் சேர்க்க நகரமன்றம் முடிவெடுத்தது. பணத்தில் பெரும்பங்கு அறக்கட்டளை போட்டது. தன் முன்னோர் புதைந்த நிலத்தைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது வயிற்றைப் பிசைகிறது. இருந்தாலும் இந்தக் கதையின் சாசனம், பட்டா எதிலும் இடம்பெறாத மக்களின் பெயர் ஒரு பத்திரத்தில் ஏறுகிறதே என்ற நிறைவும் இருக்கிறது.

இதே விரிகுடாப் பகுதியில் ஃபிரீமாண்ட் என்ற ஊரில் நம்மவர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். சான் ஹோசே மிஷன் இருப்பது அந்த ஊரில்தான். பேர்தான் சான் ஹோசே. அந்த மிஷனுக்கு உழைத்து மடிந்த நாலாயிரம் ஓலோனிகள் உறங்கும் கல்லறை வாஷிங்டன் சாலையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முதலில் அங்கே போங்கள். பிறகு பார்ட் ரயில் ஏறி ஃபுரூட்வேல் நிலையத்தில் இறங்குங்கள். 34ஆம் அவென்யூ வீட்டுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.